மருதாசலம் முயலுக்குப் பதுங்கிய கதை

அன்னூரில் எஸ்.டி.டி. பூத் புதிதாக வந்த வருஷம். அந்த வட்டாரத்தில் பதுங்கி உட்கார மருதாசலத்தை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு தடவை தவிட்டுக்குருவி அவர் தலைப்பாகையில் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரிக்கும்வரை அசையாமல் இருந்தார். இதில் நான் ஒரு குஞ்சைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

ஆனாலும் முயல் மட்டும் அவருக்குச் சிக்கியதே இல்லை. மனுஷர் அத்தனை மரியாதைக்காரர். வழியை மறிக்கும் எருமையைக்கூட, "கொஞ்சம் நகருங்க" என்பார்.

அவர் மனைவி செல்லாத்தாளின் அண்ணன் நஞ்சுண்டன் தொண்டாமுத்தூரிலிருந்து வந்திருந்தார். சோற்றில் கை வைத்ததுமே சீண்டினார்.

"ஏனுங் மாப்ள, எப்ப வந்தாலும் உங்கூட்ல கத்திரிக்காதானுங்களா? கடலக்காட்டுல மேயற மொசலென்ன உங்களுக்குச் சொந்தமுங்களா?"

மருதாசலத்துக்குச் சுருக்கென்றது. "நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள மொசலப் புடிக்கலீன்னா, என்ற மீசைய எடுத்துப்போடறனுங்க மச்சான்!"

செல்லாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். விளக்கெண்ணெய் தடவித் தடவி வளர்த்த மீசை அது.

மறுநாள் சாயங்காலம், கடலைக்காட்டு ஓரத்துச் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால், குறுந்தடியோடு படுத்தார். சாட்சிக்கு நஞ்சுண்டன் பக்கத்தில். எதிர்க்காற்று. வேலிக்குள்ளிருந்து முயல் வந்தது. மேய்ந்தது. மேய்ந்துகொண்டே கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. மருதாசலம் தடியை ஓங்கினார். முயல் தலையைத் தூக்கி, நேராக அவர் முகத்தைப் பார்த்தது.

முகத்துக்கு முகம் பார்த்தபின் கொங்கு நாட்டு வாய் சும்மா இருக்குமா?

"வாங்க!" என்றுவிட்டார்.

முயல் திகைத்து நின்றது.

"அடிங்க மாப்ள, அடிங்க!"

"எப்படீங்க மச்சான்? வாங்கன்னு சொல்லிப்போட்டனுங்களே! கூப்புட்டு வெச்சு அடிக்கறதா?"

தடி கீழே இறங்கியது. முயல் சாவகாசமாக நாலு கடலைச்செடியைக் கடித்துவிட்டுத்தான் கிளம்பியது. போகும்போது "போயிட்டு வாரனுங்க" என்று சொன்னதாக மருதாசலம் இன்றும் சாதிக்கிறார்.

நஞ்சுண்டனுக்கே சங்கடமாகிவிட்டது. "உடுங்க மாப்ள, வெளையாட்டுக்குத்தானுங்க."

"சொன்னாச் சொன்னதுதானுங்க" என்ற மருதாசலம், விடிந்ததும் சலூனுக்குப் போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

திரும்பி வந்தபோது செல்லாத்தாள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"ஆரைப் பாக்கோணுமுங்க? ஊட்டுக்காரரு வெளிய போயிருக்காருங்க, இப்ப வந்துருவாரு. மோரு குடிக்கறீங்களா?"

"குடுங்க" என்றார் மருதாசலம்.