அப்பா தலையில் கேமரா

“கெணத்துக்குள்ள என்ன கல்யாணமா நடக்குது, வீடியோ எடுக்க?”

இப்படிக் கேட்டவர், அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் வீடியோ கடையின் அண்ணாச்சி. கேட்டு ஒரு வருஷம் இருக்கும். அப்பா தலையில் கேமராவைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கப் போகிறேன், ஒரு நாள் லீவு வேண்டும் என்று போய் நின்றால், அவரும் வேறு என்னதான் கேட்பார்?

அப்பா கிணறு வெட்டுபவர். எங்கள் பக்கம் மழை ஏமாற்றினால் கிணற்றைத்தான் ஆழப்படுத்துவார்கள். பாறைக்கு வெடி வைத்த பிறகு முதலில் இறங்குவது அப்பா. அவர் ‘சரி’ என்று குரல் கொடுத்தால்தான் மற்றவர்கள் இறங்குவார்கள். அவருக்கு யார் ‘சரி’ சொல்வது? மேலே நிற்பவர்களுக்கு அவருடைய தலைத்துண்டு மட்டும்தான் தெரியும் — எலுமிச்சம்பழம் அளவுக்கு.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை. அந்தப் படிப்பை நம்பித்தான், கடைக்கு வந்த ஓர் இங்கிலீஷ் பத்திரிகையை அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். வெளிநாட்டில் பைக் ரேஸ்காரர்கள் ஹெல்மெட்டில் கேமராவும் முதுகுப் பையில் ரெக்கார்டருமாக ஓட்டுகிறார்களாம். அவர்கள் பார்ப்பதையெல்லாம் வீட்டில் இருப்பவரும் பார்க்கலாமாம்.

அப்படியானால் அப்பா பார்ப்பதை நான் ஏன் பார்க்கக் கூடாது?

முதல் முயற்சி... கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகும் தோள் கேமராவை ஹெல்மெட்டில் கட்டி நானே மாட்டிக்கொண்டேன். மூன்று நாள் கழுத்துத் திரும்பவில்லை. “இந்தப் பிள்ளைட்ட எதும் கேக்கணும்னா எதுக்க போயி நின்னு கேளுங்க” என்று அண்ணாச்சி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

அடுத்து, கைக்கு அடக்கமான கேமரா வந்தது. கைக்குத்தான் அடக்கம். குனிந்தால் ஹெல்மெட்டோடு மூக்குக்கு இறங்கியது.

பிறகுதான் கடைவாசலில் மாட்டும் தீப்பெட்டி சைஸ் கேமரா மதுரையில் கிடைத்தது. கறுப்பு வெள்ளைதான். கண் மட்டும் தலையில் இருந்தால் போதாதா, ரெக்கார்டரை எதற்குச் சுமக்க வேண்டும்? ஒரு காலத்தில் கேமரா தனி, ரெக்கார்டர் தனி. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம் என்று பெருமைப்பட்டார்கள். நான் மறுபடியும் பிரித்தேன். முன்னேற்றம் சில சமயம் ரிவர்ஸிலும் வரும் போல.

போன வாரம் பரளச்சிப் பக்கம் ஒரு கிணறு. அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே டிவியும் ரெக்கார்டர் டெக்கும் கொடுத்தார். கிணற்றை ஒட்டிய மோட்டார் ரூமில் அவற்றை வைத்து, ஹெல்மெட் கேமராவுக்குக் கேபிள் டிவி ஒயரைக் கிணற்றுக்குள் விட்டேன்.

அப்பா மஞ்சள் ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்தார். “கனமாத் தெரியல தாயி. துண்டு இல்லாமத்தான் என்னமோ மாதிரி இருக்கு.”

வெடிப்புகை அடங்கியதும் இறங்கினார். டிவியில் கல், மண், அப்பாவின் கால். மறுபடியும் கால். பிறகு வெடி வைத்த பக்கத்துப் பாறை.

“யப்பா, சுத்திப் பாருங்க.”

“பாத்துட்டேன் தாயி. சரியாத்தான் இருக்கு.”

அந்த நேரம் தோட்டத்துக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். “என்னப்பா, ஆளுகள எறக்கலாமா?”

அப்பா என்ன செய்தார் தெரியுமா? முதலாளி குரல் கேட்டதும் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிப் பழகிய கை... ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டது.

அறுபதடி ஆழத்திலுமா? எனக்கு வந்த கோபத்தில் கத்தப் போனேன். அதற்குள் டிவியில் வேறு படம். கக்கத்தில் பின்பக்கம் திரும்பிய கேமராவில், அப்பாவுக்குப் பின்னால் இருந்த சுவர். மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அதிலிருந்து, ஓட்டைச் சாக்கில் சீனி ஒழுகுவதுபோல மண் ஒழுகிக்கொண்டிருந்தது.

“யப்பா, மேல வாங்க. உடனே வாங்க.”

“என்னத்தா, இப்பத்தான...”

“மேல வந்து கேளுங்க.”

கிரேன் தொட்டியில் ஏறி வந்தார். டேப்பை ஓட்டிக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்துவிட்டு, “ஐயா, இன்னைக்கு யாரையும் எறக்க வேணாம்” என்றார்.

சாயங்காலம் சாமான்களை வண்டியில் ஏற்றும்போது சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தால், அப்பா நின்ற இடம் மண்ணுக்குள். ஆட்களை எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். எல்லோரும் மேலேதான் நின்றார்கள்.

விஷயம் தெரிந்ததும் அம்மா ஹெல்மெட்டுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்கப் போனதையும், கேமரா போய்விடும் என்று நான் குறுக்கே விழுந்ததையும் விடுங்கள். அப்பா சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது.

“பாத்தியா தாயி, மட்டு மரியாதை இருந்ததாலதான் பொழச்சேன்.”

உண்மைதானே. தலையில் கட்டிய கேமரா அவர் பார்ப்பதை மட்டும்தான் காட்டும். ஆபத்தோ, அவர் பார்க்காத பக்கமாகப் பார்த்து வந்து நிற்கிறது.

அவரோடு நான் வாதாடவில்லை. நேற்று ஹெல்மெட்டின் பின்பக்கமும் ஒரு கேமரா பொருத்தினேன். தாடைக்குக் கீழே ஒரு பட்டையும் தைத்துவிட்டேன் — இரண்டு கையும் சேர்ந்தால்தான் அவிழும்.