மெசின் ஊதிய சங்கு

எண்பதுகளின் கடைசியில், இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆபீசில் கொழுந்து நிறைக் கணக்குக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வேலைக்கு நான் ஒருத்திதான். சின்னத் திருத்தம் செய்தாலும் எல்லாப் பகுதிகளையும் ஒவ்வொன்றாகக் கம்பைல் செய்து, அதாவது மெசினுக்குப் புரிகிற மொழிக்கு மாற்றி, பிறகு இணைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் திரை முன்னால் காத்திருப்பேன். பக்கத்தில் தேத்தண்ணி ஆறிப்போகும்.

ஒருமுறை ஒரு பகுதியைக் கம்பைல் செய்ய மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்கு, அதாவது அன்றைக்கே கையில் கிடைக்கும் கூலிக்கு, பறித்த கொழுந்து, வார நாள் கொழுந்தோடு கலந்து அச்சாகிவிட்டது. பின்னேரத்துக்குள் சரியாகாவிட்டால் மெசினைத் திருப்பி அனுப்பிவிடுவதாகத் தோட்ட மேனேஜர் தொரை சொல்லிவிட்டார்.

ஆத்திரத்தில்தான் அந்த யோசனை வந்தது. எல்லாக் கட்டளைகளையும் வரிசையாக ஒரே கோப்பில் எழுதினேன். பிழை வந்தால் அங்கேயே நிற்கவும், எல்லாம் முடிந்தால் ஒலி எழுப்பவும் செய்தேன். ஒரே சொல்லைத் தட்டிவிட்டு எழுந்தேன்.

"ஓடுற மெசின விட்டுட்டு எங்கம்மா போறீங்க?" பெரிய கிளாக்கர் பதறினார்.

"தேத்தண்ணி குடிக்கத்தாங்க. அது பாத்துக்கிரும்."

சொல்லிவிட்டேனே தவிர, வாசலில் கோப்பையோடு நின்றபோது காது உள்ளேதான் இருந்தது. கடைசி மிடறு இறங்கும்போது உள்ளேயிருந்து கிளாக்கர் கூப்பிட்டார்.

"அம்மா, ஓடியாங்க. மெசின் சங்கு ஊதிருச்சு."

ஓடிப்போய்க் கணக்கை மறுபடி அச்சுக்குக் கொடுத்தேன். கைக்காசுக் கொழுந்து தனி வரியில் அச்சாகி வந்தது. தொரை தாளைப் பார்த்துத் தலையாட்டினார். மெசின் தங்கியது.

வேலை தானாக நடக்க, நான் சூடாகக் குடித்த முதல் தேத்தண்ணி அது. தேயிலை மலையிலேயே பிறந்தவளுக்கு அதன் ருசி அன்றைக்குத்தான் தெரிந்தது.