ஆட்டின் காதில் வந்த செய்தி

கிண்ணியாவில் அப்போது பாலம் இல்லை. பஸ்ஸையும் மாட்டையும் மனிசரையும் ஒன்றாக ஏற்றி அக்கரை சேர்க்கிற 'பாதை'யில், ஏறுகிறவர்களின் காதைப் பார்த்து இடம் கொடுப்பதுதான் என் வேலை. முகத்தை நம்பி ஏமாந்த உங்களுக்கு இது விளங்கும்.

காது மடிந்தால்

மாட்டின் காது பின்னுக்கு மடிந்து கண்ணில் வெள்ளை தெரிந்தால் நடுத்தண்ணியில் துள்ளும்; ஏற்றாமல் நிற்பாட்டிவிடுவேன். பழக்கதோசத்தில் ஒருநாள் ஜீப்பில் வந்த பெரிய அதிகாரியின் காதையும் பார்த்துவிட்டேன். சிவந்து, மெல்லப் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது, சத்தியமாக! என் கை தானாக உயர்ந்து ஜீப்பை மறித்துவிட்டது. கூட வேலைசெய்த சூசை பணிவாகச் சொன்னான்: "ஐயா கோவிக்காதேங்கோ, மாடுகள் இறங்கினாப் பிறகுதான் உங்களை ஏத்த ஏலும்."

காசிம் காக்காவின் முகம்

முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நாங்களும் 'காக்கா' என்று கூப்பிட்ட காசிமின் மனைவி ஆசியா உம்மா அக்கரைப் பட்டணத்து ஆசுபத்திரியில் கிடந்தா. ஆட்டுப்பால் மட்டும்தான் உள்ளே இறங்கியது. காக்கா தினமும் ஆட்டோடு வந்து, ஆசுபத்திரி வாசலில் கறந்து கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்புவார். "எப்பிடி இருக்கிறா?" என்றால், "ஓம், இருக்கா." முகம் வெறும் பலகை.

ஆடு மறைக்காது. அவர் கலங்கிய நாளில் அவர் காலோடு ஒட்டி நிற்கும். நல்ல நாளில் ஊரார் பையெல்லாம் மேயும். நானும் ஆட்டையே பார்த்து அறிந்துகொள்வேன். சூசைக்கு வெட்கம்: "அண்ணை, சுகம் விசாரிக்கிறதெண்டால் காக்காவைப் பாருங்கோ, ஆட்டை இல்லை!"

அடங்கிய பாரை மீன்

ஒரு மத்தியானம் ஆடு காதைத் தொங்கவிட்டுச் சரிந்து கிடந்தது. எனக்குச் செய்தி விளங்கிவிட்டது: ஆசியா உம்மா போய்விட்டா! சூசையின் காதில் சொன்னேன். நொடியில் பாதை முழுக்கப் பரவியது. தொப்பி போட்டவர்கள் "மௌத்தாம்" என்று கையேந்தினார்கள், சூசை சிலுவை போட்டான், கூடையில் துடித்த பாரை மீன்கூட அடங்கிவிட்டது. நான் காக்காவின் கையைப் பிடித்து அழுதேவிட்டேன்.

அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், குனிந்து அதன் வாயை முகர்ந்தார். என் பையில் இருந்த புகையிலை அரைவாசியைக் காணோம். "தம்பி, அவ நாளைக்கு வீட்ட வாறா. ஆட்டைத்தான் நீங்க மௌத்தாக்கப் பார்த்தீங்க!"

கயிறு

மறுநாள் காக்கா அதே பலகை முகத்தோடு ஏறினார். பிழைத்தெழுந்த ஆடோ பின்னால் மெல்ல வந்த ஆசியா உம்மாவின் முக்காட்டுக்குள் தலையை நுழைத்து வாலை ஆட்டிக்கொண்டே நின்றது. "இண்டைக்காவது காக்கா சிரிக்கக் கூடாதோ?" என்றேன். அவ குரலைத் தணித்தா: "அவர்ர முகத்தைப் பார்க்காதீங்க தம்பி, கயிறு பிடிச்ச கையைப் பாருங்க. நடுங்குது. ஆட்டுக்கு எல்லாம் அந்தக் கயித்தாலதான் போகுது."

அன்றிலிருந்து காதோடு கையையும் பார்க்கப் பழகினேன். புகையிலையை மட்டும் ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் வைத்துக்கொண்டேன்.