மைக்கக்கா வைத்த மீன்தொட்டி

பஸ் நிலையத்தில் அவளை எல்லோரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று வருஷக்கணக்காக ஒலிபெருக்கியில் சொல்லி வந்தவள். மைக் இல்லாவிட்டாலும் அவள் குரல் அப்படியேதான் இருக்கும். மாடியில் நின்று “என்னங்க!” என்றால் தெருமுனையில் போகிற கணவரோடு சேர்ந்து இன்னும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தத் தொண்டையில் கோளாறு வந்தது. முதலில் கரகரப்பு. பிறகு பாதி வாக்கியத்தில் வெறும் காற்று. டாக்டர் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, “கத்திக் கத்திக் காய்ச்சுப்போய் சின்ன முடிச்சு விழுந்திருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா ஒரு மாசம் வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுன்னு பேசறதும் கூடாது” என்றார்.

“ஒரு மாசமா?” என்று கேட்டவர் கணவர். அந்தக் குரலில் இருந்தது கவலையா சந்தோஷமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு முறை முறைத்து வைத்தாள்.

அவர் மருந்து வாங்கப் போன நேரத்தில்தான் காத்திருக்கும் அறையில் இருந்த தொட்டியைப் பார்த்தாள். உள்ளே போகும்போது இருந்த பயத்தில் கண்ணிலேயே படவில்லை. பிளாஸ்டிக் கோட்டையோ கலர்க் கல்லோ இல்லை. ஒரு குட்டிக் காட்டையே தண்ணீருக்குள் இறக்கி வைத்தது போல இருந்தது. அசைகிற செடிகளுக்கு நடுவே பொடிமீன்கள் கூட்டமாகத் திரும்பின. அதைப் பார்த்து நின்றதில் தொண்டையே மறந்துபோயிற்று. கணவர் வந்ததும் சட்டையைப் பிடித்து இழுத்து, தொட்டியைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, வீடு இருக்கும் திசையைக் காட்டினாள்.

“மீனா? போற வழியில வாங்கி வறுத்துட்டாப் போச்சு!”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

விஷயம் புரிந்ததும் அவர் மறுத்தார். அவர் தச்சர், எடைக்கணக்கு அவருக்குத் தெரியும். அஞ்சடித் தொட்டி, தண்ணீர், மண், கல் எல்லாம் சேர்ந்தால் அரை டன்னை நெருங்கும். குடியிருப்பதோ மாடியில். ஆனால் வாய் பேசுகிறவளிடம் வாதாடி ஜெயிக்கலாம். பேசாமல் எதிரே வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பவளிடம் என்ன செய்வது? இரண்டே நாளில் இறங்கி வந்தார்.

கட்டிடம் கட்டுகிற மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்து காட்டினார். மேஸ்திரி சுவரைத் தட்டி, கீழே உத்திரம் போகிற இடத்தைப் பார்த்து, “இந்தச் சுவரை ஒட்டி வைங்க, தாங்கும். ஹால் நடுவுல மட்டும் வேணாம்” என்றார். அப்படியும் கீழ்வீட்டில் இருந்த வீட்டு ஓனருக்கு மனசு ஆறவில்லை.

“தம்பி, அது இருக்கிற இடத்துக்கு நேர் கீழேதான் என் கட்டில் கிடக்கு.”

“கட்டிலை ரெண்டடி தள்ளிப் போட்டுக்குங்கண்ணே.”

“வீடு என்னுது, தள்ளிப் படுக்கிறதும் நானா?” என்று முணுமுணுத்தாலும் அன்றைக்கே தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கணவர் தடிப் பலகையில் மேடை செய்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, கண்ணாடிக்கு அடியில் தெர்மாகோல் விரித்தார். தொட்டியை ஏற்ற நாலு ஆள் வேண்டியிருந்தது. மண்ணைப் பின்பக்கம் உயரமாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் அவளே சரித்தாள். ஈரமண்ணில் நீள இடுக்கியால் ஒவ்வொரு செடியாக ஊன்றினாள். மண் கலையாதபடி ஒரு தட்டை வைத்து அதன்மேல் தண்ணீரை மெல்ல விட்டாள்.

நடுவில் ஒரு பெரிய வேர்க்கட்டை. அதை விற்ற வளர்ப்புமீன் கடைக்காரர், “நல்லா ஊறி, தானா முழுகுற வரைக்கும் வைக்காதீங்க” என்று சொல்லித்தான் கொடுத்தார். கணவர் கேட்டால்தானே? “மரத்தைப் பத்தி எனக்கா சொல்றாரு? ஊறின வரைக்கும் போதும். கல்லுக்கு அடியில சொருகிட்டா எங்க போகும்?”

டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வீடு திரும்பினால், வேர்க்கட்டை மேலே மிதந்துகொண்டிருந்தது. போகிற போக்கில் பாதித் தோட்டத்தைப் பிடுங்கிப் போட்டிருந்தது. தண்ணீர் சேறாகக் கிடந்தது. அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேவிட்டாள்.

“வேணாம், வேணாம்! தொண்டை!” என்று கணவர் பதறினார். “என்ன திட்டணுமோ மனசுக்குள்ள நினைச்சுக்க. நானே என்னைத் திட்டிக்கிறேன். மடப்பயல்! முப்பது வருஷமா மரம் அறுக்கிற, மரம் மிதக்கும்னு தெரியல? பெரிய இவன் மாதிரி பேச வந்துட்ட!”

அவள் விரலை மேல்நோக்கி ஆட்டினாள். இன்னும் வேண்டுமாம். அவர் தன் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டார். சத்தம் கேட்டு ஓனர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். “விழுந்திருச்சா?” என்று கேட்டவர், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரிப்பதைப் பார்த்து ஒன்றும் புரியாமல் நின்றார். கணவர் ஒரு தட்டைக்கல்லைத் துளைத்து, துருப்பிடிக்காத திருகாணியால் கட்டையை அதோடு முடுக்கி இறக்கினார். அவள் மறுபடி முதலிலிருந்து நட்டாள்; கட்டையின் மேலும் ஒரு செடியை நூலால் கட்டிவைத்தாள்.

பிறகு காத்திருப்பு. செடிகளின் பழைய இலைகள் அழுகின. பதறிப்போய் ஓடியவளிடம் கடைக்காரர், “இதெல்லாம் தண்ணிக்கு வெளியில வளர்ந்த இலைங்கம்மா. தண்ணிக்குள்ள புதுசா வரும், விடுங்க. தண்ணி பக்குவப்படாம மீன் மட்டும் விட்டுராதீங்க” என்றார். தண்ணீரும் சும்மா இருந்தது, அவளும் சும்மா இருந்தாள். இப்படி ஒரு வேலையும் சொல்லாமல், யாரையும் கூப்பிடாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்த ஞாபகம் அவளுக்கு இல்லை. அழுகின இலைகளை வலையால் எடுத்துப்போட்டாள். ஒருநாள் தண்டின் நுனியில் நகக்கண் அளவு பச்சை தெரிந்தது. கணவரை இழுத்து வந்து காட்டினாள். அவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, “அட ஆமா!” என்றார்.

மாசம் முடிந்து பார்த்தபோது முடிச்சு கரைந்திருந்தது. ஆனால் குரல் பழையபடி வரவில்லை; ஒரு படி இறங்கி, கொஞ்சம் மணல் கலந்தது போல ஆகிவிட்டது. இனி அது அப்படித்தான் என்று டாக்டர் சொன்னபோது அவளுக்குச் சுருக்கென்றது. வேலைக்குத் திரும்பிய அன்று டிரைவர்கள் யாரோ புது ஆள் என்று நினைத்து அறைக்குள் எட்டிப் பார்த்தார்கள். “நான்தான்டா” என்று சிரித்தாள். மைக் இருக்கும்போது எதற்குக் கத்தவேண்டும் என்று அவளுக்கே இப்போதுதான் தோன்றியது.

அந்த வாரம் மீன் விட்டார்கள். தண்ணீரில் இருந்த கலங்கலெல்லாம் தெளிந்து, கடைக்காரரும் சோதித்துப் பார்த்துச் சரி என்றுவிட்டார். பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு ஒத்துப்போனதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து திறந்துவிட்டாள். பொடிமீன்கள் ஒரு மூலையில் ஒண்டின. பிறகு ஒன்று துணிந்து வேருக்கு அடியில் நுழைய, மற்றவை பின்னாலேயே போயின. ஓனர் தானே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

“இதுங்க எவ்வளவு கனம் வரும்?” என்று கேட்டார்.

“உங்க மூக்குக்கண்ணாடி அளவுகூட வராதுண்ணே” என்றாள். அவர் சமாதானமானார்.

போன வாரம் பஸ் நிலையத்துக்குக் கணவர் போன் செய்தார். அவருக்கு அன்று விடுமுறை.

“ஏய், அந்தக் கட்டையில கட்டி வச்ச செடியில வெள்ளையா ஒரு பூ! தண்ணிக்குள்ளயே!”

“நிஜமாவா? தொட்டுராதீங்க. நான் வந்து பார்க்கிறேன்.”

மறுமுனையில் சளக்கென்று தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

“என்னங்க… தொட்டுட்டீங்களா?”

“லேசாத்தான்” என்றார் அவர்.