சர்வர் ரூமில் ஒரு லண்டன் கெட்டில்

அன்று சர்வர் ரூமுக்குள் இருந்தவர்கள் மூன்று பேர்: லண்டனிலிருந்து வந்திருந்த கிரஹாம், நியூஜெர்சியிலேயே பிறந்து வளர்ந்த ரிக், நான். ஜாபர் அண்ணன் பேன்ட்ரியில் இருந்தார். எங்களோடு இருந்தது செல்போனில் அவர் குரல் மட்டும். இல்லாதவர் லிண்டா. எங்கள் எல்லோருக்கும் மேலே இருந்த வைஸ் பிரசிடென்ட். ஒரு மீட்டிங்குக்காக ரயிலேறி மன்ஹாட்டன் போயிருந்தார். அவர் ஆபீஸில் இருந்திருந்தால் இந்தக் குறிப்பை எழுத எனக்கு விஷயமே இருந்திருக்காது.

2004. ஜெர்சி சிட்டியில் ஆற்றைப் பார்த்த ஒரு பேங்க் கட்டிடம். நான் கான்ட்ராக்டர், யூனிக்ஸ் அட்மின். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். உடுமலைப்பேட்டையில் தங்கையின் நர்சிங் படிப்பு என் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் என் கான்ட்ராக்ட் முடிகிறது. திங்கட்கிழமை லிண்டா எக்ஸ்டென்ஷனில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் புது சர்வரில் நான் ஓட்டும் சோதனை, டெஸ்ட் ரன், பிசகில்லாமல் முடிய வேண்டும். முடியாவிட்டால் புராஜெக்ட் இல்லை. புராஜெக்ட் இல்லாவிட்டால் விசாவும் இல்லை, மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நாலு மணி மீட்டிங்

கிரஹாம் அப்ளிகேஷன் டீமுக்கு லீட். ரிக் சர்வர்களுக்கு லீட். இருவர் கியூபிக்கிளுக்கும் நடுவில் என்னுடையது. பஞ்சாயத்து எல்லாம் என் தலைக்கு மேலேயே நடக்கும். இங்கிலீஷில்தான் பேசுவார்கள், என் காதில் விழுந்தது இப்படித்தான்.

சாயந்திரம் நாலு மணியானால் கிரஹாம் டீக்காக சீட்டை விட்டு எழுந்துவிடுவார். உலகம் அழிந்தாலும் டீ குடித்துவிட்டுத்தான் அழிய வேண்டும். ரிக்குக்கு மத்தியானச் சாப்பாடே கீபோர்டு மேல்தான். அதனால் வேண்டுமென்றே வாராந்தர மீட்டிங்கை நாலு மணிக்குப் போடுவார். கிரஹாம் கப், சாஸரோடு வந்து உட்காருவார். எதிரே ரிக், வாளி மாதிரி ஒரு கிளாஸில் ஐஸ் டீயோடு.

"அதுக்குள்ள ஐஸ் ஏன் போட்டிருக்கீங்க ரிக்? அடிபட்டுடுச்சா டீக்கு?"

"சுதந்திரம் கேட்டு உங்களோட சண்டை போட்டப்ப, உங்க டீயை நாங்க கடல்லயே கொட்டினவங்க. ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு. பச்சைத் தண்ணியில டீ போடற பழக்கம் அன்னைக்கு ஆரம்பிச்சது. இன்னும் விடல."

பிறகு இருவரும் என்னைப் பார்ப்பார்கள். நான் யார் பக்கம் சிரித்தாலும் ஆபத்து. குனிந்து நோட்ஸ் எழுதுவேன்.

ஜாபர் அண்ணன் காயல்பட்டினத்துக்காரர், டேட்டாபேஸ் பார்ப்பவர், ஜர்னல் ஸ்கொயரில் என் ரூம்மேட். அவர் கருத்து வேறு. "ரெண்டு பேரும் வெறும் தண்ணியைக் கொதிக்க வச்சுட்டு சண்டை போடறானுங்க தம்பி. பாலே கொதிக்கலன்னா அது டீயாடா? குளிக்கத்தான் ஆகும்."

பந்தயம்

அந்த வெள்ளிக்கிழமை ரிக் சும்மா இருக்கவில்லை. "கெட்டில் எதுக்கு? கப்பை மைக்ரோவேவ்ல வை, பட்டனை அழுத்து, முடிஞ்சுது."

"மைக்ரோவேவிலா?" கிரஹாம் ஏதோ சாவுச் செய்தி கேட்டதுபோல் கேட்டார். "எங்க கெட்டில் இங்க மெதுவாக் கொதிச்சா, அது கெட்டில் மேல குத்தமில்ல ரிக். உங்க சுவத்துல வர்றது நூத்திருபது வோல்ட். எங்க ஊர்ல அதுக்கு ரெண்டு மடங்கு. இந்த நாட்டுல டயட்ல இருக்கறது கரண்ட் ஒண்ணுதான்."

டீயைச் சொன்னபோதெல்லாம் சிரித்த ரிக், கரண்ட்டைச் சொன்னதும் சிவந்துவிட்டார். சர்வர் ரூம் அவருடைய கோட்டை.

"சர்வர் அடுக்கி வச்சிருக்கற என் ராக்ல இருநூத்தெட்டு வோல்ட் ஓடுது. எடுத்துட்டு வா உன் கெட்டிலை. கெட்டிலா மைக்ரோவேவா, எது முதல்ல கொதிக்குதுன்னு இன்னைக்குப் பார்த்துடலாம்."

கிரஹாம் பெட்டியிலிருந்து லண்டன் கெட்டிலை எடுத்தார். கூடவே ஒரு ஒயர்: ஒரு முனை ராக்கில் மாட்டும், மறுமுனையில் லண்டன் பிளக் போகும். இப்படி ஒரு நாள் வரும் என்று எதிர்பார்த்தே கொண்டுவந்திருக்க வேண்டும்.

"ரிக், என் டெஸ்ட் ரன் ஓடிட்டிருக்கு" என்றேன்.

"உன்னோடது ரெண்டாவது ராக், சென். இது கடைசி ராக், காலி. பயப்படாதே."

"நீங்கள் நடுவர், செந்தில்குமார்" என்றார் கிரஹாம். என் முழுப் பெயரையும் தவறாமல் சொல்பவர் அவர் ஒருவர்தான்.

பேன்ட்ரியில் மைக்ரோவேவுக்கு ஜாபர் அண்ணன் காவல். ரிக் தன் கார்டைத் தேய்த்துக் கதவைத் திறந்தார். கிரஹாம் பிளக்கைச் சொருகினார். நான் செல்போனைத் தூக்கிப் பிடித்து, "ரெடி, ஸ்டார்ட்!" என்றேன்.

கெட்டில் உறுமியது. அந்த உறுமலைக் கேட்டு கிரஹாம் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, சொந்த ஊர் ஸ்டேஷனில் ரயில் நுழைவதைப் பார்க்கிறவன் முகம்தான். ரிக்கும் தன்னையறியாமல் குனிந்து, "பரவால்லயே" என்றார்.

டப் என்று ஒரு சத்தம். கெட்டில் அடங்கியது. கூடவே இரண்டாவது ராக்கில் எல்லா ஃபேனும் ஓய்ந்தது. கடைசி ராக்குக்கும் அதற்கும், லோடு கூடினால் கரண்ட்டை நிறுத்தும் பிரேக்கர் ஒன்றேதான் என்பது ரிக்குக்கே அப்போதுதான் தெரிந்தது.  காலையிலிருந்து ஓடிய என் ரன் போய்விட்டது.

போனில் டிங் என்று மைக்ரோவேவ் மணி. "தம்பி, நம்ம அமெரிக்கா ஜெயிச்சாச்சு!" என்றார் ஜாபர் அண்ணன்.

யாருடைய கெட்டில்

மன்ஹாட்டனிலிருந்து லிண்டா திரும்பி வந்தார். தன் ரூமில் எங்களை உட்கார வைத்து, கேட்ட முதல் கேள்வி: "யாருடைய ரன் அது?"

"என்னோடது" என்றேன். அவர் கண் என் கழுத்தில் தொங்கிய கான்ட்ராக்டர் பேட்ஜில் நின்றது. எனக்கு உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் தெரிந்தது.

"கெட்டில் என்னுடையது" என்றார் கிரஹாம்.

"ரூம் என்னோடது. கதவைத் திறந்தது நான்" என்றார் ரிக்.

"பிளக்கைச் சொருகினது நான்."

"பந்தயத்துக்குக் கூப்பிட்டது நான்."

"உங்க கரண்ட்டைக் கிண்டல் பண்ணினது நான். அதுதான் ஆரம்பம்."

"ஆரம்பம் மைக்ரோவேவ் கிரஹாம், அது நான் சொன்னது. எல்லாத்தையும் நீயே எடுத்துக்காதே."

தப்பை ஒப்புக்கொள்வதிலும் ஒருவருக்கு ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை. லிண்டா கையைத் தூக்கினார். "போதும். சென், மறுபடி ஓட்ட எவ்வளவு நேரம் வேணும்?"

"சனி, ஞாயிறு வேணும்."

"இவங்க ரெண்டு பேரும் உன்கூட இருப்பாங்க. செலவு இவங்க பாக்கெட்லருந்து."

இருந்தார்கள். ரிக் பேகல் ரொட்டி வாங்கி வந்தார். கிரஹாம் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் வரி வரியாகப் பார்த்தார். நாலு மணிக்கு ஜாபர் அண்ணன் பாலில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்தார். இருவரும் குடித்தார்கள். இது டீயே இல்லை என்பதில் முதல்முறையாக ஒத்துப்போனார்கள். ஆளுக்கு இன்னொரு கப் கேட்டார்கள்.

ரன் முடிந்தது. திங்கட்கிழமை கையெழுத்தும் விழுந்தது.

இன்று புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது, புரொடக்‌ஷன் சர்வர் நின்றுபோனால் கான்ஃபரன்ஸ் காலில் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று. கெட்டில் உன்னுடையதாக இருந்தால் அதை முதலில் சொல்லிவிடு என்பேன். பக்கத்தில் கான்ட்ராக்டர் பேட்ஜைத் தடவிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பான்.

பிரேக்கரும் எலக்ட்ரீஷியன் கூலியும் சேர்த்து நூற்று எண்பத்தேழு டாலர். ஆளுக்குத் தொண்ணூற்று மூன்றரை. ரிக் தொண்ணூற்று நாலாக வைத்தார். அதைப் பார்த்துக் கிரஹாமும் தொண்ணூற்று நாலு வைத்தார். மீதியைத் திரும்ப வாங்க இருவருக்கும் மனம் வரவில்லை. ஆக மொத்தம் அவர்களுக்கு ஆன செலவு நூற்று எண்பத்தெட்டு டாலர்.