உயிரோடு இருப்பவருக்கு ஒரு நிமிட மௌனம்

போன சனிக்கிழமை கிள்ளானில் ஒரு சுவருக்குத் திறப்பு விழா. சுவருக்கு என்ன திறப்பு விழா என்கிறீர்களா? சுவரில் ஓவியம் இருக்கிறதே... அதை மஞ்சள் துணியால் மூடி, தேர்தலில் நாம் ஜெயிக்கவைத்த மக்கள் பிரதிநிதி, நம் ஒய்.பி., வந்து இழுக்க வேண்டாமா?

ஓவியத்தில் இருப்பவர் சேவியர் அங்கிள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காப்பார் கடலோரச் சேற்றில் முழங்கால் புதைய நின்று, வருடக்கணக்காக பாக்காவ் என்கிற அலையாத்தி மரக்கன்று நடுகிறவர். "வேற வேலை இல்ல இந்த மனுஷனுக்கு" என்று சொன்ன அதே ஊர், இப்போது அவரை மூன்று மாடி உயரத்துக்கு வரைந்திருக்கிறது.

ஓவியம் அருமை, குறை சொல்ல மாட்டேன். துணி விலகியது. சுவரில் முன்கூட்டியே அடித்து வைத்திருந்த ஆணியில் ஒய்.பி. மாலையை மாட்டினார். சங்கத் தலைவர் குத்துவிளக்கு ஏற்றினார். படத்துக்கு மாலையும் விளக்கும் வந்துவிட்டால் நம் ஆட்களுக்கு அடுத்தது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். மைக் பிடித்தவர் கனத்த குரலில், "அன்னாரின் ஆன்மா சாந்தியடைய ஒரு நிமிட மௌனம்" என்றார்.

எல்லோரும் எழுந்தோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேவியர் அங்கிளும் எழுந்தார். தலையைக் குனிந்துகொண்டார். நானாவது வாயைத் திறந்திருக்கலாம்... திறக்கவில்லையே. மைக் சொல்லிவிட்டால் நமக்கு வாய் ஏது?

அங்கிள் புகழுக்காக வரவில்லை. சட்டைப் பையில் ஒரு கடிதம் வைத்திருந்தார். அவர் மரம் நட்ட இடத்தை மண் கொட்டி மேடாக்கப் போகிறார்கள் – திங்கட்கிழமை லோரி வருகிறது. ஒய்.பி. ஒரு வார்த்தை சொன்னால் நிற்கும். நெருங்கிப் போய்க் கடிதத்தை நீட்டினார்.

ஒய்.பி. உருக்கமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அவருக்கு என்ன உறவு அங்கிள்?" என்றார்.

"நான்தான் ஒய்.பி. அது."

ஒய்.பி. படத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். சிரித்தபடி ஒரு செல்பி எடுத்துக்கொண்டார். கடிதம் உதவியாளர் கைக்குப் போனது. அவர் அதைப் பூத்தட்டில் வைத்தார். ஒய்.பி. கார் கிளம்பிப் போய்விட்டது. தட்டும் கடிதமும் அங்கேயே கிடந்தன.

சுவருக்கு மட்டும் குறை வைக்கவில்லை. சுற்றிலும் இரும்பு வேலி. 'இங்கே லோரி நிறுத்தக்கூடாது' என்று மூன்று மொழியில் போர்டு. காவலுக்கு ஒரு ஜாகா வேறு.

அங்கிள் கடிதத்தை எடுத்து மடித்துப் பையில் வைத்தார். அந்தப் போர்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க அங்கிள்?" என்றேன்.

"அந்தப் படம் வரைஞ்ச தம்பி நம்பர் இருந்தா கொடுங்க லா. லோரி வர்றதுக்குள்ள எல்லா மரத்துலயும் என் மூஞ்சிய வரையச் சொல்லணும்."