கண்டெடுத்த இடம்

என் மனைவிக்கு மூச்சுத் திணறல் முற்றியபோது, பூனைகளை வீட்டைவிட்டு அனுப்பினால்தான் மருந்து பிடிக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு பூனைகள், ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் தம்பி. ஆறு வருடமாக அவள் கட்டிலில் தூங்கியவை. முற்றம் ஈரமாக இருந்தால் காலை எடுத்துக் கீழே வைக்காத சீமான்கள். பிள்ளை இல்லாத வீட்டில் பூனைக்கு வந்த வாழ்வு என்று சர்ச் சபையில் பேசிக்கொண்டார்கள். அதில் பொய் எதுவும் இல்லை.

எங்கள் கருங்கல் ஊர்ப் பக்கத்தில் வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டி, நாலு ஊர் தள்ளிக் கொண்டுபோய், சாக்கை மூன்று தரம் சுற்றிவிட்டு அவிழ்ப்பார்கள். வழி மறந்துவிடுமாம். என் மைத்துனன் சாக்கோடுதான் வந்தான். மனைவி மூச்சிரைக்க எழுந்து வந்து வாசலை மறித்தாள்.

"எனக்க பூச்சைய சாக்குல கெட்டினா நான் மருந்து குடிக்க மாட்டேன், சொல்லிப்போட்டேன். நல்ல இடமா பாத்து நீங்களே ஒப்படைச்சிட்டு வாருங்க."

வாக்குக் கொடுத்தேன். நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு விலங்கு நல அமைப்பு இருக்கிறது. போன் செய்து கேட்டேன். வீட்டில் வளர்த்த பூனைகளை எடுக்க மூன்று மாதமாவது ஆகும், கூண்டு காலியில்லை, தெருவில் கண்டெடுப்பவற்றுக்குத்தான் இப்போது இடம் என்றார்கள். மூன்று மாதம் அவள் தாங்குவாளா? தெருவில் கண்டெடுத்தது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று என் புத்திக்குப் பட்டது. அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டையும் கூடையில் வைத்து எடுத்துப் போனேன். அங்கே ஒரு இளம்பெண் படிவம் தந்தாள். கண்டெடுத்த இடம் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கள் தெருவை எழுதினால் யாராவது விசாரிக்க வருவார்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். நான் சபைச் செயலாளர். ஞாயிறுதோறும் எல்லோர் முன்னாலும் நின்று அறிவிப்பு வாசிக்கிறவன். கோட்டாறு சந்தை என்று எழுதினேன்.

அதற்குள் பூனைகளில் ஒன்று அந்தப் பெண்ணின் மடியில் ஏறிப் படுத்துவிட்டது.

"தெருப்பூனை மாதிரியே இல்லையே சார்."

"யாராவது வளத்துட்டு விட்டிருப்பாவ" என்றேன்.

"இப்படியும் மனுசங்க இருக்காங்க" என்றாள். நானும் தலையை ஆட்டினேன்.

மனைவிக்கு மெல்ல மூச்சு சீரானது. "போயி பாத்தியளா? ஒழுங்கா தின்னுதுவளா?" என்று நாள் தவறாமல் கேட்டாள். போகாமலே நல்லா இருக்குதுவ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து, மனசு உறுத்த, உண்மையிலேயே போனேன். அதே பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"அதுங்களுக்கு கருத்தடை பண்ணி, காயம் ஆறினதும் எடுத்த இடத்துலயே விட்டாச்சு சார். தெருப்பூனைன்னா அதுதான் முறை. நான்தான் கோட்டாறு சந்தைக்குக் கொண்டுபோனேன். கூண்டத் திறந்தும் வெளிய வரல. சாய்ச்சுத்தான் இறக்க வேண்டியிருந்தது."

அவை எங்கள் வீட்டுப் பூனைகள் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

நேரே கோட்டாறுக்குப் போனேன். லாரிகளுக்கும் வெங்காய மூட்டைகளுக்கும் நடுவில் குனிந்து, மனைவி கூப்பிடுவதுபோல "பூசே, பூசே" என்று கூப்பிட்டேன். சுமை இறக்குகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். டீக்கடைக்காரர் விவரம் கேட்டுவிட்டு, "வீட்டுப் பூச்சையா? இஞ்ச நாய்க்கூட்டம் ஒரு நாள் விட்டு வைக்காது, கேட்டியளா" என்றார். அப்புறமும் நாலு தடவை போனேன். எங்கள் தெருவை எழுதியிருந்தால் எங்கள் வாசலிலேயே கொண்டுவந்து விட்டிருப்பார்கள் என்பது, ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஞாபகம் வரும். மைத்துனனின் சாக்குகூட அவற்றை இவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்காது.

இந்தச் சனிக்கிழமை மனைவி புறவாசலில் உட்கார்ந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மூச்சில் ஒரு இரைச்சல் இல்லை. நல்லதாக ஆறேழு மீனை எடுத்து, உப்பும் மிளகும் போடாமல் தனியாக அவித்து, முள்ளெடுத்து, சின்னத் தூக்குவாளியில் வைத்தாள்.

"நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் நானும் வாறேன். தூரத்துல நின்னு பாக்கலாம்னு டாக்டர் சொல்லியாச்சு. கூண்டுக்கு வெளிய நின்னு கூப்பிட்டா போதும். எனக்க சத்தம் அதுவளுக்குத் தெரியாதா?"

"போவலாம்" என்றேன்.